டோலியில் கட்டிய காப்பு

கொடைக்கானலில் மிஷன்காரர்கள் நடத்திவந்த ஓர் ஆஸ்பத்திரியில் சிவபாக்கியம் ஆண்கள் வார்டு ஆயா. உடம்பு ஒல்லி, குரல் உரத்தது. வத்தலக்குண்டுப் பக்கத்து மிராசுதார் ஒருவர், வாதம் அடித்துப் படுத்திருந்த தன் அப்பாவைப் பார்க்க வந்தார். வந்தவர், கிழவரை மல்லாக்கப் படுக்கவைத்தபடியே வாயில் கஞ்சியை ஊற்றப் போனார். சிவபாக்கியம் டம்ளரைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே கொட்டிவிட்டாள்.

"நான் யாரு தெரியுமா?" என்றார் மிராசுதார்.

"தெரியும்ங்க. பெத்தவரைக் கொல்லப் பாத்த புள்ளை."

புகார் டாக்டர் தமயந்தியிடம் போனது. டாக்டர் கிழவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, ஆயா சொன்னபடி நடந்துகொள்ளுமாறு மிராசுதாரிடம் சொன்னார். ஆயாவைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமே என்றும் சொன்னார். சிவபாக்கியம் தலையை ஆட்டினாள். அடுத்த வாரம் இன்னொருவரிடம் அதே சண்டையைப் போட்டாள்.

மெதுவாகச் சொல்லிப் பார்த்தவள்தான் அவளும். ஐந்து நாள் மெதுவாகச் சொன்னாள், காலைப் பிடித்துச் சொன்னாள், அழுது சொன்னாள். ஒருத்தரும் காது கொடுக்கவில்லை. அதற்கப்புறம் அவளுக்கு மெதுவாகப் பேசுவதில் நம்பிக்கை போய்விட்டது. இதில் அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அவள் ஊர் மந்தைப்பாறை. போளூரையும் தாண்டி மலைமேல் முப்பது வீடு. வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும். விளைந்ததை மட்டக்குதிரையில் ஏற்றிக்கொண்டு ஐந்து மணி நேரம் நடந்தால் பூம்பாறை. அங்கே லாரி கிடைத்தால் கொடைக்கானல். மனுஷருக்கு உடம்பு முடியாவிட்டாலும் அதே வழிதான். ஒரு மூங்கிலில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி, ஆளைப் படுக்கவைத்து, நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்குவார்கள். அதற்கு டோலி என்று பெயர். கோயிலை ஒட்டிய சாமான் கொட்டகையில் அந்த மூங்கில் எப்போதும் சாத்திக் கிடக்கும்.

அவள் புருஷன் கந்தவேல் பூண்டுத் தோட்டக்காரர். அதிகம் பேசாத மனுஷர். அந்தக் குளிரில் வெள்ளனே எழுந்து, ஊதாங்குழலை வைத்து அடுப்பை ஊதிப் பற்றவைத்த பிறகுதான் பெண்டாட்டியை எழுப்புவார். ஊரில் எந்த ஆம்பளையும் செய்யாத காரியம். "பொண்டாட்டிக்கு அடுப்பு ஊதுறவன்" என்று அவருக்குப் பட்டப்பேரே இருந்தது. அவர் சிரித்துக்கொள்வார். "ஊதுறதுக்கு நெஞ்சுல காத்து இருக்கு, ஊதுறேன். உங்களுக்கு எங்கன வலிக்குது?" என்பார்.

ஐம்பத்தேழாம் வருஷம் மாசி மாதம் முத்தாலம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். செவ்வாய்க்கிழமை அம்மன் கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் அடுத்த புதன்கிழமை அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர்க்காரர் யாரும் எல்லையைத் தாண்டி வெளியே ராத்தங்கக் கூடாது. தங்கினால் தெய்வக் குற்றம். பகலில் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். கொடைக்கானலுக்குப் போய் அன்றைக்கே திரும்ப இறக்கை முளைத்தால்தான் முடியும்.

காப்புக் கட்டின நாலாம் நாள், வெள்ளிக்கிழமை. கந்தவேல் வழக்கம்போல அடுப்பை ஊத உட்கார்ந்தார். அடுப்பு பற்றவில்லை. சிவபாக்கியம் எழுந்து பார்த்தபோது, குழல் வாயில் இருந்தது, காற்று மட்டும் வலது கடைவாய் வழியாகப் புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. அவருக்கே ஒன்றும் புரியவில்லை. மறுபடி ஊதினார். மறுபடியும் ஓரமாகவே போனது.

"என்ன, காத்து தீந்துபோச்சா?" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. அடுப்பும் பற்றியது. மண்டையைப் பிளக்கிற மாதிரி வலிக்கிறது என்று மட்டும் சொன்னார். சுக்குத் தட்டிப் பற்றுப் போட்டுவிட்டாள். வரப்போவதை அந்தக் காலைப்பொழுது முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறது என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. சிரித்ததை அவள் ஆயுசு முழுக்க மன்னிக்கவில்லை.

அன்றைக்கு முற்பகல் தீர்த்தக் குடம் எடுக்கிற சடங்கு. உறுமியும் கொட்டும் முழங்க, சுனையில் எடுத்த குடங்களைத் தோளில் வைத்துக்கொண்டு ஆண்கள் கோயிலைச் சுற்றி வந்தார்கள். மூன்றாம் சுற்றில் கந்தவேலின் வலது கை நழுவியது. குடம் விழுந்து உடைந்தது. ஆள் தள்ளாடினார். வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டது, எச்சில் வடிந்தது, நாக்கு துருத்தியது. "பா... பா... பா..." என்று ஒரே சத்தம்.

"ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

பெண்கள் குலவை போட்டார்கள். கொட்டுக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். பூசாரி நல்லுசாமி ஓடிவந்து கழுத்தில் மாலை போட்டு, நெற்றி நிறைய விபூதி அப்பி, கையில் வேப்பிலையைக் கொடுத்தார். வலது கை அதை வாங்கவில்லை. வேப்பிலை கீழே விழுந்தது. ஆத்தாள் கோபமாக இருக்கிறாள் என்று அதற்கும் அர்த்தம் சொன்னார்கள்! இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து அவரை நிறுத்தி வைத்துக்கொள்ள, ஊரே வரிசையில் வந்து குறி கேட்டது. மழை எப்ப வரும், பூண்டு எப்படி விளையும். ஊர்ப் பெரியதனக்காரர் சேனாதிபதியின் பெண்டாட்டி கந்தம்மாள், தன் மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று கேட்டாள். அவர் "பா... பா..." என்றார். பங்குனியில் அமையும் என்று பூசாரி விளக்கம் சொன்னார். கேட்டவர்களுக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. நிற்க முடியாமல் நின்ற மனுஷரைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

சிவபாக்கியம் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். வாயைப் பார்த்தாள். காலையில் காற்று ஓடிய அதே கடைவாய் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது சாமி இல்லை. வாதம். காலையிலயே வாய் கோணுச்சு, நான் பாத்தேன். கீழ படுக்க வைங்க."

"நாக்கை அடக்கு" என்றார் நல்லுசாமி. "ஆத்தா நிக்கிறா. என்ன பேசுறோம்னு பாத்துப் பேசு."

"சாமி வந்தா பாதி உடம்புக்கா வரும்? இந்தக் கை செத்துக் கெடக்கு, பாருங்கண்ணே. சாமி இடது பக்கம் மட்டும் வந்து, வலது பக்கத்தை எதுக்கு விட்டுட்டுப் போகுது?"

ஊரில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அதுதான் அவள் செய்த தப்பு. சபையில் சிரிப்புக்கு ஆளான பூசாரி, தான் சொன்னதை மாற்றிக்கொள்வாரா? சாமி மலையேறுகிற வரைக்கும் ஆளைக் கோயில் மண்டபத்தை விட்டு நகர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

சாமி மலையேற வைக்கப் பாலும் மஞ்சள் தண்ணீரும் கொடுப்பது வழக்கம். கொடுத்தார்கள். மல்லாக்கக் கிடந்தவரின் வாயில் சங்கு சங்காகப் பாலை ஊற்றினார்கள். பாதி வழிந்தது, பாதி எங்கே போனதென்று அப்போது யாருக்கும் தெரியாது. அவர் மூச்சுத் திணறி இருமினார். தொண்டையில் களகளவென்று கேட்டது. ஆத்தாள் உறுமுகிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சாயங்காலம் அவள் சேனாதிபதி வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் உறவு முறையில் அவளுக்கு மாமா.

"மாமா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். டோலியை எடுக்கச் சொல்லுங்க. கோடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்."

"காப்புக் கட்டுன ஊரு இது, ஆத்தா. எல்லை தாண்டி எப்படி ராத்தங்குறது?"

"உசுரு போகப் போகுது மாமா."

"ஒருத்தன் உசுருக்காக ஊரைக் காவு குடுக்கச் சொல்றியா? ஆலங்கட்டி மழை அடிச்சுப் பூண்டு அம்புட்டும் போனா முப்பது வீட்டுக்கு யாரு பதில் சொல்றது? புதங்கிழமை காப்பு அவிழ்க்கட்டும். நானே முன்னால நின்னு தூக்கச் சொல்றேன்."

நல்ல மனுஷர் மாதிரித்தான் பேசினார். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். சிவபாக்கியத்தின் தம்பி தங்கமுத்து மட்டும் தூக்கத் தயாராக இருந்தான். டோலிக்கு நாலு பேர் வேண்டும். வீடு வீடாகப் போய்க் கேட்டாள். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூங்கில் கொட்டகையில் சாத்தினது சாத்தினபடியே இருந்தது. கந்தவேல் கல்தரையில் மாலையும் கழுத்துமாகக் கிடந்தார். சங்கை அவள் தட்டிவிட்டால், அவள் அந்தப் பக்கம் போனதும் இன்னொருத்தி புண்ணியம் தேட வந்து ஊற்றினாள்.

புதன்கிழமை காப்பு அவிழ்த்தார்கள். சேனாதிபதி சொன்ன சொல் தவறாமல் முன்னால் நின்று டோலியைத் தூக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நோட்டைத் திறந்து, "பேஷண்ட் பேர் என்னம்மா?" என்று கேட்டாள். சிவபாக்கியம் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். மந்தைப்பாறையில் புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்வதில்லை. அந்த நிலைமையிலும் அவளுக்கு அது வரவில்லை. தங்கமுத்துதான் சொன்னான்.

டாக்டர் தமயந்தி ரத்தக் கொதிப்பைப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கையைத் தூக்கிவிட்டுப் பார்த்தார், உள்ளங்காலில் கீறிப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்தவர் அதைச் சீக்கிரம் எடுக்கவில்லை. ஆளைத் திருப்பி முதுகைப் பார்த்தபோது அவருடைய முகமே மாறிவிட்டது. இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

"எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு நாளு, டாக்டரம்மா."

"அஞ்சு நாளும் இப்படியே மல்லாக்கவா? வாயில என்ன குடுத்தீங்க?"

அவள் சொன்னாள்.

பெனிசிலின் போட்டார்கள். இரண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஆகாரம் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாம் நாள் காலையில் கந்தவேல் போய்விட்டார். நாற்பத்திரண்டு வயது.

"உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்" என்றார் தமயந்தி. "மூளைக்குப் போற ரத்தக் குழாய் அடைச்சா, அதைத் திறக்கிற மருந்து இன்னும் உலகத்துல யார்கிட்டயும் இல்லை. முதல் நாளே வந்திருந்தாலும் அந்தக் கையை நான் திருப்பித் தந்திருப்பேன்னு சொல்ல முடியாது. ஆனா அவர் வாதத்துல சாகலை. வாதம் வந்தவங்களுக்குத் தொண்டை வேலை செய்யாது. ஊத்தின பால் நுரையீரலுக்குப் போயிருக்கு. அது சளிக் காய்ச்சலாகி, அதுலதான் செத்தார். வந்திருந்தா அதைத் தடுத்திருப்பேன்."

சிவபாக்கியம் இதைக் கேட்டுவிட்டு ஊருக்குப் போனாள். கருமாதிக்கு வந்தவர்கள், ஆத்தாள் எடுத்துக்கொண்டாள், கொடுத்துவைத்தவன் என்று பேசிக்கொண்டார்கள். கொடுத்துவைத்தவனாம்! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதினாறாம் நாள் முடிந்ததும் ஊதாங்குழலை எடுத்து மடியில் செருகிக்கொண்டு கொடைக்கானலுக்கு நடந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, கூட்டுகிற வேலையானாலும் போதும் என்றாள்.

கூட்ட வந்தவள் திருப்பக் கற்றுக்கொண்டாள். வாதக்காரரை எந்தப் பக்கம் படுக்கவைப்பது, செத்த கைக்கு அடியில் எப்படித் தலையணை கொடுப்பது, விறைத்துப் போகாமல் விரல்களை எப்படி ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவது என்றெல்லாம் பார்த்துப் பார்த்தே படித்தாள். ஆகாரம் கொடுப்பதற்கு முன் ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுப்பாள். "ஆன்னு சொல்லுங்க" என்பாள். குரலில் களகளவென்று ஈரம் கேட்டால் அன்றைக்கு வாய்க்கு ஒன்றும் கிடையாது. அந்தச் சத்தத்தை அவள் ஐந்து நாள் கேட்டவள். அவளை ஏமாற்ற முடியாது.

ஊதாங்குழலும் வார்டுக்கு வந்துவிட்டது. தலைவலி, தலைச்சுற்று என்று யார் வந்தாலும் அவள் அதை நீட்டி, "ஊதுங்க பாப்போம்" என்பாள். ஓரமாகக் காற்று ஓடினால் டாக்டரிடம் ஓடுவாள். அப்புறம் இரண்டு கையையும் நீட்டிக் கண்ணை மூடச் சொல்வாள். ஒரு கை தானாகக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பாள். முதலில் நர்ஸுகள் கேலி செய்தார்கள். தாண்டிக்குடியிலிருந்து வந்த ஒரு காப்பித் தோட்டக் கணக்குப்பிள்ளை, குடித்துவிட்டு உளறுகிறார் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, சிவபாக்கியம் குழலை நீட்டி அது வாதம் என்றாள். அதற்கப்புறம் கேலி நின்றது. டாக்டரே சில நாள், "சிவபாக்கியம், உன் குழலைக் கொண்டா" என்று கேட்டு வாங்குவார்.

புறா ரத்தம் தடவ வந்தவர்களை அவள் புறாவோடு விரட்டினாள். மந்திரித்த கயிறு கட்ட வந்தவர்களிடம் கட்டிவிட்டுப் போகச் சொன்னாள். கயிறு யாரையும் கொல்லாது என்று அவளுக்குத் தெரியும்.

அறுபத்தைந்தாம் வருஷம் மாசியில், பூண்டு மூட்டை ஏற்றுகிற குதிரைக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்து அவளைத் தேடினார். பூம்பாறை ஆள்.

"மந்தைப்பாறையில பெரியதனக்காரருக்கு வாய் கோணிப் போச்சாம். காப்புக் கட்டியிருக்கிறதால ஊராளுக வர முடியலை. உன்னைய வெரசாக் கூட்டியாரச் சொன்னாக."

வெளியே போக முடியாது, ஆனால் அவளை உள்ளே வரவழைக்கலாம்! எட்டு வருஷமாக ஏறெடுத்துப் பார்க்காத ஊர். போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த நினைப்பே அவளுக்குப் பிடிக்கவில்லை. படுத்துக் கிடக்கிறவன் எவனாக இருந்தாலும் வாயில் யாரோ பாலை ஊற்றிக்கொண்டிருப்பார்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டு விடியற்காலை லாரியில் பூம்பாறைக்குப் போய், அங்கிருந்து குதிரைக்காரரோடு மலை ஏறினாள். பத்து மணிக்கெல்லாம் மந்தைப்பாறை.

சேனாதிபதி வீட்டுக்குள் ஊரே நின்றது. அவர் கட்டிலில் மல்லாக்கக் கிடந்தார். கந்தம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து, கையில் பால் டம்ளர்.

"அதைக் கீழ வைங்க அத்தை" என்றாள் சிவபாக்கியம். குரலைக் கேட்டே கந்தம்மாள் வைத்துவிட்டாள்.

மடியிலிருந்த குழலை எடுத்தாள். "மாமா, ஊதுங்க." காற்று இடது கடைவாயில் ஓடியது. "கண்ணை மூடுங்க. ரெண்டு கையையும் தூக்குங்க." வலது கை எழுந்தது, இடது கை கிடந்தது. சொன்னதெல்லாம் அவருக்குப் புரிந்தது. பேச்சுத்தான் குழறியது. நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, ஆ சொல்லச் சொன்னாள். தொண்டை களகளத்தது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயைத் துணியால் துடைத்தாள்.

"வாய்க்கு ஒரு சொட்டுக்கூடக் குடுக்கக் கூடாது. இப்பவே கோடைக்குக் கொண்டு போகணும். இங்கன வச்சு நான் ஒண்ணும் செய்ய முடியாது."

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். காப்பு அவிழ்க்க இன்னும் நாலு நாள் இருந்தது. கந்தம்மாள் பூசாரியைப் பார்த்து ஓவென்று அழுதாள். நல்லுசாமி தொண்டையைச் செருமினார். எழுந்து கோயிலுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். கையில் மஞ்சள் தடவிய ஒரு கயிறு. இரண்டு பேர் டோலி மூங்கிலைக் கொண்டுவந்திருந்தார்கள். பூசாரி அந்தக் கயிற்றை மூங்கிலில் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"டோலிக்கும் காப்புக் கட்டியாச்சு. டோலி எங்கன இருக்கோ, அதுவரைக்கும் ஊரு எல்லை. தூக்குறவுகளும் எல்லைக்குள்ளதான். குத்தமில்லை. தூக்குங்கடா."

அவ்வளவுதான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

சிவபாக்கியம் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். முழு நீளம் ஒரு முழம் இருக்காது.

"இந்தக் கயிறு அன்னைக்கு எங்கண்ணே போச்சு?" என்று கேட்டாள்.

நல்லுசாமி குனிந்து முடிச்சைச் சரிபார்த்தார்.

"ரெண்டு நிமிசச் சோலி. இதைக் கட்ட உங்களுக்கு அன்னைக்குக் கை வரலை. அஞ்சு நாளு அந்த மனுசன் கல்லுல கெடந்தாரு. இந்த மூங்கிலு அதே கொட்டகையிலதான் இருந்துச்சு. மஞ்சளும் இருந்துச்சு, நூலும் இருந்துச்சு. பெரியதனக்காரருக்குன்னா சட்டுனு வழி தெரியுது, பூண்டு நடுறவனுக்குன்னா ஆலங்கட்டி மழை வந்துருமோ?"

"ஏத்தா, இப்ப எதுக்கு அதெல்லாம்..." என்றாள் கந்தம்மாள்.

"இப்பத்தான் அத்தை. இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு."

நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள் என்று விட்டுவிட்டு நடந்திருந்தால் அவளை யார் என்ன சொல்லியிருக்க முடியும்? அவள் டோலிக்குப் பக்கத்தில் வந்து, கம்பளிக்குள் சேனாதிபதியின் தலையை வலது பக்கமாகச் சாய்த்து, எச்சில் வெளியே வடிகிற மாதிரி துணி மடித்து வைத்தாள். "குலுக்காமத் தூக்குங்க" என்றாள்.

பூம்பாறை வரை ஆறு மணி நேரம் டோலியோடு ஒட்டி நடந்தாள். நடந்த ஆறு மணி நேரமும் பேசினாள். அவள் பக்கமாகத்தான் அவர் முகம் திரும்பியிருந்தது.

"உங்களுக்குக் காது நல்லாக் கேக்குமுன்னு எனக்குத் தெரியும் மாமா. கேளுங்க" என்று ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அடுப்பு பற்றாததிலிருந்து சொன்னாள். யார் யார் குறி கேட்டார்கள், யார் யார் பால் ஊற்றினார்கள், எந்தெந்த வீட்டில் என்ன சாக்குச் சொன்னார்கள். முதுகுப் புண் எவ்வளவு அகலம், டாக்டர் என்ன சொன்னார். ஒன்றையும் விடவில்லை. குறுக்கே பேச அவருக்கு நாக்கு இல்லை. நடுவில் டோலியை இறக்கச் சொல்லி இரண்டு தடவை வாயைத் துடைத்தாள், அடுத்த பக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள், தானும் அந்தப் பக்கம் மாறி நடந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். சேனாதிபதியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதையும் துடைத்துவிட்டாள். பேச்சை நிறுத்தவில்லை. தூக்கிக்கொண்டு போன நாலு பேரும் அதைக் கேட்டுக்கொண்டே நடந்தார்கள்.

பொழுது அடங்குவதற்குள் ஆஸ்பத்திரி சேர்ந்தார்கள். சேனாதிபதி பிழைத்தார். நெஞ்சில் சளி கட்டவில்லை, முதுகில் ஒரு கீறல் இல்லை. ஏழு வாரம் சிவபாக்கியம்தான் அவர் விரல்களை மடக்கி நீட்டினாள். கோல் ஊன்றிக்கொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு, குழறலாக நாலு வார்த்தை பேசுகிற அளவுக்குத் தேறி ஊருக்குப் போனார்.

அந்த வருஷம் ஆலங்கட்டி மழை பெய்யவில்லை. பூண்டு நன்றாகவே விளைந்தது.

அடுத்த மாசியில் தங்கமுத்து அக்காளைப் பார்க்க வந்தவன், ஒரு சேதி சொன்னான். இனிமேல் வருஷா வருஷம் அம்மனுக்குக் காப்புக் கட்டின கையோடு டோலிக்கும் காப்புக் கட்டப் போகிறார்களாம். பெரியதனக்காரர் கொண்டுவந்த நல்ல வழக்கம் என்று ஊரே மெச்சுகிறதாம். அதற்குச் சேனாதிபதி காப்பு என்று பேரும் வைத்தாகிவிட்டதாம்.

சிவபாக்கியம் அன்றைக்கே லீவு கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை. கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. சேனாதிபதி கோலோடு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அம்மன் கையில் கயிறு கட்டிவிட்டு, நல்லுசாமி இரண்டாவது கயிற்றோடு டோலியிடம் வந்தார்.

"கொஞ்சம் நில்லுங்கண்ணே" என்று சிவபாக்கியம் முன்னால் வந்தாள். "இது யாரு பேருல கட்டுறது?"

"அதான் தெரியுமே. பெரியதனக்காரர் பேருல."

"அவரு பொழைச்சுத்தானே உக்காந்திருக்காரு? செத்தவரு பேரைச் சொல்லிக் கட்டுங்க."

நல்லுசாமிக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. மந்தைப்பாறைப் பெண் சபையில் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள் என்கிற தைரியம் அவருக்கு. "யாரு பேருன்னு நீயே சொல்லேன் ஆத்தா, கட்டுறேன்" என்றார்.

ஆஸ்பத்திரி நோட்டுக்குக்கூட வராத பேர் அது.

"கந்தவேல்" என்றாள் சிவபாக்கியம்.

யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எம் புருசன் கந்தவேல். பொண்டாட்டிக்கு அடுப்பு ஊதுனவரு. இந்தா, நானே சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லிக் கட்டுங்க."

பூசாரி கயிற்றைப் பிடித்தபடி சேனாதிபதியைப் பார்த்தார். சேனாதிபதி கோணின வாயைத் திறந்து, நாக்கோடு கொஞ்ச நேரம் போராடி, "சொல்... லு" என்றார்.

நல்லுசாமி குனிந்து, மூங்கிலைச் சுற்றிக்கொண்டே, "கந்தவேல் பேரால..." என்று முணுமுணுத்தார்.

"கேக்கலை" என்றாள் சிவபாக்கியம். "சத்தமாச் சொல்லுங்க."